முதலுதவி அறையின் தாழ்ப்பாள்

முதலுதவி அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்களாம். போன வாரம் பவித்ரா போனில் சொன்னாள். ஓசூரில் நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவள். கட்டிலில் யார் படுத்திருக்கிறார்கள், நர்ஸ் என்ன செய்கிறாள் என்பது வராந்தாவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிய வேண்டுமாம். பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க இருந்தப்போ கதவைச் சாத்திக்குவீங்களா, தெறந்தே வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"தெறந்துதான் வெச்சிருப்பேன். ஒரே ஒரு தடவைதான் சாத்துனேன். அது இங்க இல்ல, போச்சம்பள்ளியில."

"என்னாச்சுக்கா?"

"அப்பறம் சொல்றேன், குக்கர் விசில் வருது" என்று போனை வைத்துவிட்டேன். குக்கரும் இல்லை, விசிலும் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கதவைப் பற்றிப் பேச்சு வந்தால் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. நான் அப்படியொரு பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் சில இடங்களில் என்னை யாரும் தைரியசாலி என்று தப்பாக நினைத்துவிடக் கூடாது.

சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் பெயர், ஊர், அந்தக் கம்பெனி என்ன தைத்தது என்பதையெல்லாம் மாற்றியிருக்கிறேன். என் பயத்தை மட்டும் இருந்தபடியே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை பக்கம். அப்பா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன். நான் அங்கேயே நர்ஸிங் படித்தேன். படித்ததில் பாதி மறந்து, மீதி மாறிப்போய், இன்றைக்கும் கையில் நிற்பது ஒரு பழக்கம்தான். எங்கள் வார்டு சிஸ்டர் நாடியை முழு நிமிடமும் பார்க்கச் சொல்வார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் அவருக்குப் பிடிக்காது. "பெருக்கினா நம்பர் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டாங்க. ஒரு நிமிஷம் ஒருத்தர் கையைப் பிடிச்சிட்டு உட்காரு, முகத்தைப் பாரு" என்பார்.

அப்படியே பழகிவிட்டேன். மணிக்கட்டில் விரல், கண் கடிகாரத்தில், உதட்டில் எண்ணிக்கை. எண்ணி முடித்ததும் கையை உடனே விடமாட்டேன். ஆண்டவரே, இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் ஒரு வரி. அவ்வளவுதான். யாருக்கும் கேட்காது. ஆனால் எண்ணும்போதும் சரி, வேண்டும்போதும் சரி, என் உதடு அசையும். அது அசைவது எனக்கே தெரியாது. அது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் பை தைக்கும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். ஜவளகிரி, தளி மாதிரி தூரத்திலிருந்து வந்தவர்கள் ஹாஸ்டலில் தங்குவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வலியைச் சொல்வார்கள். விரலில் ஊசி ஏறியவர்கள், கண்ணில் நூல் தூசி விழுந்தவர்கள், வயிறு காலியாக வந்து மிஷின் மேலேயே சாய்ந்தவர்கள். மாத்திரை கேட்டு வருகிறவர்களில் பலருக்கு மாத்திரை தேவையிருக்காது. கொஞ்ச நேரம் படுக்க ஓர் இடமும், எழுப்பாமல் இருக்க ஒரு ஆளும் போதும். நான் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுபோவேன். மயங்கி வருகிற பிள்ளைக்கு முதலில் அதுதான் மருந்து.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கும்போது என் அறைக்கும் வருவார்கள். ஸ்ட்ரெச்சருக்கு ஒரு பொட்டு, பிபி பார்க்கும் கருவிக்கு ஒரு பொட்டு. முந்தின நாளே நான் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருப்பேன். பொரி கடலை கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவேன். ஆசையாகக் கொடுக்கிற கையைத் தள்ள எனக்கு மனசு வராது. இதனால் எங்கள் சபையில் சில பேர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. படைத்ததைச் சாப்பிட்டாளாம். இங்கே கம்பெனியில், சிஸ்டர் பொரியை நிஜமாகவே வாயில் போடுகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கண்காணிப்பு. நடுவில் நான் பொரியை மென்றுகொண்டிருப்பேன்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமபத்ரன் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் சில மதியங்கள் கிருஷ்ணகிரியிலிருந்து தன் பழைய காரில் வருவார். நெற்றியில் நாமம், மடிப்புக் கலையாத சட்டை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துடைக்காமல் கையைத் தூக்கியபடியே காயவிடுவார். நோயாளி உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். எதையும் இரண்டாவது முறை கேட்க மாட்டார். யார் முன்னாலும் என்னைத் திட்டியதில்லை. நான் எதையாவது தப்பான தட்டில் வைத்திருந்தால், எல்லோரும் போன பிறகு அதை எடுத்துச் சரியான தட்டில் வைத்துவிட்டு, நான் பார்க்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நிமிடம் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கும். நன்றாகச் செய்தாய் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது மாதேஷ். லைன் சூப்பர்வைசர். ஜவளகிரி பக்கத்துக்காரர். அவர் ஊரிலிருந்து வந்த எத்தனையோ பெண்களுக்கு அவர்தான் இங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு அவர்தான் பொறுப்பு. அவர் மனைவி கீதா அதே லைனுக்கு லீடர். மாதேஷ் கெட்டவர் இல்லை. ஒருமுறை மிஷின் சங்கிலியில் சிக்கிய ஒருத்தியின் துப்பட்டாவைத் தன் கை கிழிய இழுத்துக் காப்பாற்றியவர் அவர். அந்தக் கைக்குக் கட்டுப் போடும்போதுதான் என்னிடம் கேட்டார்.

"நீங்க வேதக்காரங்களா சிஸ்டர்?"

"ஆமாங்க."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரணம் வேறொருவர் மூலம் தெரிந்தது. அவருடைய அண்ணன் ஏதோ ஒரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாராம். அப்பா இறந்தபோது மூத்த மகன் கொள்ளி வைக்க வரவில்லை. தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். சின்னவர் மாதேஷ்தான் அழுதுகொண்டே வைத்திருக்கிறார். அதைக் கேட்டபோது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அண்ணன்மேல்தான் வந்தது. ஆனால் அதை மாதேஷிடம் போய்ச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

புகார் வந்தது ஒரு மழைக்காலத்தில். நிர்வாக மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் என் தூக்குச்சட்டி இருந்தது. யாரோ என் அறையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். சாட்சிப் பொருள் மாதிரி அது அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே, உட்காரச் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், பொண்ணுங்க கையைப் பிடிச்சிட்டு வாய்க்குள்ள ஏதோ சொல்றீங்கன்னு கம்ப்ளெயின்ட். கஞ்சி குடுத்து மதம் மாத்துறீங்கன்னு பேச்சு."

"நாடி எண்றேன் சார்."

"வெறும் எண்ணிக்கைதானா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே கையை ஆட்டித் தடுத்துவிட்டார். அவருக்கும் பதில் தேவைப்படவில்லை. பிரச்சினை இல்லாமல் இருந்தால் போதும். மூன்று உத்தரவுகள் போட்டார். அறைக் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். நோயாளியோடு லைனிலிருந்து இன்னொருவர் கூடவே நிற்க வேண்டும், பெண்ணுக்குப் பெண். வீட்டுச் சாப்பாடு யாருக்கும் தரக் கூடாது. நான் சரி என்று தலையாட்டிவிட்டு என் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து முகக்கவசம் போட்டுக்கொண்டேன். தொற்றுக்குப் பயந்து என்று எல்லோரிடமும் சொன்னேன். உதட்டை மறைக்கத்தான் போட்டேன். சில நாட்களில் வேண்டுவதையே விட்டுவிட்டேன். நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினேன். பிள்ளைகள் வந்தார்கள், மாத்திரை கொடுத்தேன், போனார்கள். யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. நிர்வாகத்துக்குத் திருப்தி. எனக்குத்தான் வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை.

பயம் கம்பெனியோடு நிற்கவுமில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் தெருமுனையில் பைக்கில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் வீட்டைத் திறந்து உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்காரம்மா, "சிஸ்டர், ஞாயித்துக்கெழமை உங்க வீட்டுக்கு யாரும் வர வேணாமுங்க, அக்கம்பக்கம் கேக்கறாங்க" என்றார். வந்ததென்னவோ என் நாத்தனாரும் அவள் பிள்ளைகளும்தான். என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்தவர், அதிகம் பேசாதவர். அவர் கதவுக்குப் புதிதாக ஒரு கொண்டி வாங்கிவந்து மாட்டினார். அதைத் திருகும்போது, "நீ யாருக்கும் நல்லது செய்ய வேணாம், சம்பளத்துக்கு வேலை செஞ்சிட்டு வந்தா போதும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

அப்படி இருக்கும்போதுதான் ரேணுகா வந்தாள்.

மதியச் சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. சக்கர நாற்காலியில் அவளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் மாதேஷ். அவருடைய பெரியப்பா மகள் அவள். இருபது வயது தாண்டிய, கல்யாணமாகாத பெண். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. உடம்பெல்லாம் வேர்வை.

"மிஷின்லயே சாஞ்சிட்டா சிஸ்டர். காத்தாலருந்தே வயித்துவலின்னா. என்னான்னு பாருங்க" என்று பதறினார். அந்தப் பதற்றத்தில் பகையெல்லாம் இல்லை.

கட்டிலில் படுக்க வைத்தோம். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி விரலுக்கு அகப்படாமல் ஓடியது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். காதோரம் அவள் மூச்சு சுட்டது.

"அண்ணனை வெளிய அனுப்புங்க சிஸ்டர்."

அவளுடைய நீல மேல்கோட்டுக்குக் கீழே என் கை ஈரத்தில் பட்டது. கை சிவந்து வந்தது. நான் அதை அப்படியே என் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

"நீங்க வெளிய இருங்க, பொம்பளைங்க சமாச்சாரம்" என்றேன். மாதேஷ் உடனே தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் வாசலிலிருந்தே, "கீதாவை அனுப்பறேன். ரூலு இருக்குதில்ல, கூட ஒருத்தர் நிக்கணும்" என்றார்.

ரேணுகா என் கையை விடவில்லை. "அண்ணி வேணாம். யாரும் வேணாம். மாத்திரை சாப்பிட்டேன் சிஸ்டர். மெடிக்கல்ல குடுத்தாங்க. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னு போட்டுருவாங்க. அவரு இல்லன்னா அப்பா." அவள் மிகைப்படுத்தவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படி நடந்த கதைகள் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யார் அந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் கேட்டேன். கரு கலைந்துகொண்டிருந்தது, முழுசாகக் கலையவில்லை, ரத்தம் நிற்கவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கீதா வந்துகொண்டிருந்தார். இரண்டு பிள்ளை பெற்றவர். ஒரு பார்வை பார்த்தால் போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

அந்த இடத்தில் நான் யோசித்தேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்தேன். என் வேலையை யோசித்தேன், தெருமுனையில் நின்ற பைக்குகளை யோசித்தேன், கணவர் மாட்டிய கொண்டியை யோசித்தேன். கதவைத் திறந்தே வைத்திருந்தால் என்மேல் ஒரு தப்பும் வராது, சட்டப்படி நடந்தவள் ஆவேன் என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. யோசித்து முடிக்கும் முன்பே கால் நடந்து போய்விட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். துருப்பிடித்த தாழ்ப்பாள், அது விழுந்த சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

கால் பக்கம் கட்டிலை உயர்த்தினேன். டிரிப் ஏற்ற ஊசி குத்த வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தில்தான் ஊசி ஏறியது. பிபி இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். வழியில் காரில் இருந்தார்.

சொன்னேன். அவர் வழக்கம்போல எதையும் திருப்பிக் கேட்கவில்லை. "டிரிப் வேகமா ஓடட்டும். துணியெல்லாம் மஞ்சள் கவர்ல கட்டி வைங்கம்மா. வந்துட்டிருக்கேன்" என்றார்.

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. லைன் மொத்தமும் வராந்தா வழியாகத்தான் கேன்டீனுக்குப் போக வேண்டும். கதவுக்கு வெளியே கூட்டம் சேர்வது காதில் விழுந்தது. கீதா தட்டினார். "சிஸ்டர், எதுக்குத் தாப்பாப் போட்டீங்க? தெறங்க." பிறகு மாதேஷின் குரல். முதலில் கெஞ்சல்தான். "என் தங்கச்சிக்கு என்னாச்சு, சொல்லுங்க சிஸ்டர்." பின்னால் யாரோ ஒருவன், "உள்ள ஜெபம் பண்றாங்கடா" என்றான். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கதவில் உள்ளங்கை விழுந்த இடத்தில் முஷ்டி விழ ஆரம்பித்தது. அப்புறம் காலால் உதைத்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் தாழ்ப்பாளின் திருகாணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிரிப் ஏறிவிட்டது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, டாக்டர் வரவேண்டும். ரேணுகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகக்கவசம் எப்போது கழன்று விழுந்ததென்று தெரியாது. முழு நிமிடமும் எண்ணினேன். எண்ணி முடித்து மறுபடி எண்ணினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "மாரியம்மா, மாரியம்மா" என்று முனகினாள். நான் ஆண்டவரே, ஆண்டவரே என்றேன். இந்த முறை சத்தமாகவே வந்துவிட்டது. வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

டாக்டர் வந்ததும் கூட்டம் விலகியது. அவர் குரலுக்குத்தான் நான் தாழ்ப்பாளை எடுத்தேன். எடுத்தேன் என்ன, அது கையோடு வந்துவிட்டது. அவர் அன்றைக்குச் செருப்பை வாசலில் விடவில்லை. நேராக உள்ளே வந்து, இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்து, போர்வையை அவள் கழுத்து வரை இழுத்துவிட்டார். பிறகு கதவைப் பார்த்து, "ரத்தசோகை. அட்மிட் பண்ணணும், வழிவிடுங்க" என்றார். தன் காரின் பின் சீட்டில் படுக்கவைத்து, தெரிந்த லேடி டாக்டரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார். மாதேஷ் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

ரேணுகா பிழைத்துவிட்டாள் என்று சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். அந்த ஒரு வரிதான், வேறெதுவும் பேசவில்லை. நான் அறையைக் கழுவி, விரிப்பை மாற்றி, ரத்தத் துணி இருந்த மஞ்சள் கவரை இரண்டு முடிச்சுப் போட்டு, கழிவு எடுக்கும் வண்டிக்காரரிடம் என் கையாலேயே கொடுத்துவிட்டு, பஸ் ஏறினேன்.

மறுநாள் விசாரணை. மேலாளர், மாதேஷ், கீதா, டாக்டர், நான். அறைக்கு வெளியே பத்து இருபது பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் சிலரை எங்கள் தெருமுனையில் பார்த்த ஞாபகம்.

"டோரை லாக் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். எதுக்குப் பண்ணீங்க?"

"நோயாளியோட நிலைமை அப்படி சார்."

"என்ன நிலைமை? ரத்தசோகைக்கு எதுக்கு மேடம் தாழ்ப்பாள்?"

 டாக்டர் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கீதா வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒரு டவுட்டு சார். கட்டில்ல பெட்ஷீட்டு மாத்தியிருந்துச்சு. ரூமெல்லாம் டெட்டால் வாசனை. வெறும் மயக்கத்துக்கு எதுக்கு இவ்வளவு கழுவணும்? அந்தப் பொண்ணு ரெண்டு மாசமாவே..."

மாதேஷ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு கேள்வி மெதுவாக எழுந்து வருவதை நான் பார்த்தேன். இன்னும் ஒரு வாக்கியம் போதும், அந்தக் கேள்வி முழுசாக உருவாகிவிடும். அப்புறம் அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் ரேணுகாவிடம்தான் போய் நிற்கும்.

"ஜெபம் பண்ணேன் சார்" என்றேன்.

அறையில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கீதா சொல்லவந்ததை விட்டுவிட்டார். 

"என்னது?"

"அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சிக்கிட்டு ஜெபம் பண்ணேன். நேத்து மட்டுமில்ல. முன்னாடி நீங்க கேட்டப்பவும் அதான். எண்ணி முடிச்சிட்டு எல்லாருக்காகவும் ஒரு வரி வேண்டிக்குவேன்."

"மதம் மாறச் சொல்லியா?"

"இல்ல சார். நல்லாருக்கணும்னு."

"கதவைச் சாத்தினது அதுக்குத்தானா?"

இதற்கு ஆமாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அது பொய். இல்லை என்றும் சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாதேஷ் எழுந்து நின்றார்.  அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். கையை ஓங்கவில்லை. "எங்கண்ணனைத்தான் எடுத்துக்கிட்டீங்க. என் தங்கச்சியையாவது விட்டுவைக்கக் கூடாதா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லி அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அன்றைக்கே என்னிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு நடக்கும்போது டாக்டரின் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"ஏறுங்கம்மா. அந்தப் பசங்க கேட்ல நிக்கறாங்க."

 இறங்கும்போது அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "உள்ள என்ன நடந்ததுன்னு நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. உங்களுக்காகப் பேசணும்னா அதைத்தான் சொல்லியாகணும். அதனால பேசல" என்றார். மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்து ஓசூருக்குப் போய்விட்டோம். போகும் முந்தின ஞாயிறு எங்கள் சபையில் போதகர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, ஜெபித்ததற்காக வேலையை இழந்த சகோதரி என்று அறிவித்தார். பொரிக்காக என்னிடம் பேசாமல் இருந்தவர்கள்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கூச்சத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுத்துச் சொல்லவும் முடியாது. கொஞ்ச நாள் கழித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். யார் சொல்லி என்று நான் கேட்கவில்லை, ராமபத்ரன் டாக்டர்தான் என்று தெரியும். அங்கேயே இருந்து ஓய்வும் பெற்றேன். ஆனால் தெருவில் பைக் மெதுவாகப் போனால் இன்றைக்கும் என் நடை தானாக வேகம் பிடிக்கிறது.

ரேணுகா ஊருக்குப் போய், பிறகு அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அந்த வருடங்களில் அதற்குமேல் விசாரிக்கவில்லை. நான் விசாரிப்பதே அவளுக்கு ஆபத்து.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கையில் இரண்டு பை. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு என்னை நோக்கி நேராக நடந்து வந்தார். முடி நரைத்திருந்தது. கையில் அந்தப் பழைய தழும்பு. மாதேஷ்.

ஓடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"சிஸ்டர், நல்லாருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"ரேணுகாவுக்கு இத்தனை வருசம் கழிச்சுப் பொண்ணு பொறந்திருக்கு."

"சந்தோசங்க."

அவர் போகவில்லை. பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் பஸ் வரும் வழியைப் பார்த்தார்.

"மாசமா இருந்தப்ப என் வீட்டுக்காரிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. இதுதான் முதலான்னு டாக்டரம்மா கேட்டாங்களாம். ரேணுகா வாயே தெறக்கலையாம். அழுதாளாம். அன்னையிலருந்து கீதா என்னென்னமோ சொல்லுறா." அவர் குரலைத் தணித்தார். "நீங்களே சொல்லுங்க சிஸ்டர். அன்னிக்கு அந்த ரூமுக்குள்ள என்னா நடந்துச்சு?"

என் காதில் மறுபடி அந்தக் கதவு அதிர்ந்தது. இப்போது அவளுக்கு ஒரு புருஷன் இருக்கிறான், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அன்றைக்காவது நடுவில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது.

"ஜெபம் பண்ணேங்க" என்றேன்.

"அது மட்டுந்தானா?"

"ஜெபம் பண்ணேங்க."

அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தைரியத்தினால் இல்லை, தாழ்த்தினால் தெரிந்துவிடுமே என்கிற பயத்தினால். அவர் கண் மெல்ல நிறைந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஓசூர் பஸ் வந்து நின்றது. அவர் என்னிடம் கேட்காமலே இரண்டு பைகளையும் வாங்கி, கூட்டத்தை விலக்கி ஏறி, ஜன்னலோரம் ஒரு சீட்டில் வைத்து இடம் பிடித்துவிட்டு இறங்கினார். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

"நாளைக்கு அவ வீட்டுக்காரரு காதுலயும் ஏதாச்சும் விழும். உங்களைத் தேடிட்டு வந்து கேப்பாரு."

நான் பைகளை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"அவருகிட்டயும் இதையே சொல்லுங்க சிஸ்டர்."

பஸ் கிளம்பியது. அவர் கம்பியை விட்டார். சுங்கச்சாவடி தாண்டியது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் உதடு அசைந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. ரேணுகாவுக்காக, அந்தக் குழந்தைக்காக, மாதேஷுக்காக. பயமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை.